பல்லில் மாட்டும் கம்பி நகை இல்லை

நம் பூச்சோங் ஞாயிறு வகுப்புக்கு வரும் படிவம் நான்கு தங்கச்சி ஒருத்தி போனைக் காட்டி, “அண்ணா, இந்த பிரேசஸ் இருநூறு வெள்ளிதான். கலர் ரப்பர்கூட நாமே செலெக்ட் பண்ணலாம். போட்டுக்கலாமா?” என்று கேட்டாள். போடுறவங்க பல் டாக்டரா என்று கேட்டேன். “இல்லண்ணா, ஆனா வீட்டுக்கே வந்து போட்டுத் தருவாங்களாம்.”

வேண்டாம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் தெரியாவிட்டால் அடுத்த வாரம் வேறு யாராவது ஆசை காட்டுவார்கள். நான் படிப்பது மெக்கானிக்கல் எஞ்சினியரிங், பல் மருத்துவம் இல்லை. இருந்தாலும் பிரேசஸில் பாதி என் பாடம்தான்: விசை, நெம்புகோல், கம்பி.

பல் என்பது தாடையில் சிமெண்டு போட்டு நட்ட தூண் இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் நார் போன்ற ஒரு சவ்வு இருக்கிறது. அதில்தான் பல் தொங்குகிறது. ரத்தக் குழாய்களும் அதற்குள்ளேதான் ஓடுகின்றன. பல்லை ஒரு பக்கம் மெதுவாக, விடாமல் தள்ளினால், அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரையும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளரும். பல் இப்படித்தான் இடம் மாறுகிறது, மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒன்றரை, இரண்டு வருஷம் ஆவது இதனால்தான். டாக்டர் காசுக்காக இழுத்தடிக்கிறார் என்று சிலர் சொல்வது சரியில்லை.

ஒரு பல்லைச் சாய்க்க 50 கிராம் அளவு விசை போதும். ஒரு சின்ன முட்டையின் எடை, அவ்வளவுதான்! கூடக் கொடுத்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். நடப்பது தலைகீழ். சவ்வில் உள்ள ரத்தக் குழாய்கள் நசுங்கி, அந்த இடத்துத் திசு செத்துவிடும். பல் நகராமல் நின்றுபோகும், வேரே கரைய ஆரம்பிக்கலாம்.

அதனால் கம்பி சாதாரணக் கம்பியாக இருக்க முடியாது. சிகிச்சையின் தொடக்கத்தில் பெரும்பாலும் போடுவது நிக்கல்-டைட்டானியம் கலவை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த உலோகம் அது. நன்றாக வளைத்தாலும் மெல்லிய விசையை ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும். கைவினைக் கடைக் கம்பிக்கு அந்தக் குணம் கிடையாது.

இன்னொரு விஷயம். வெளியே தெரியும் பகுதியில் தள்ளினால் பல் நேராக நகராது, சாயும். அதன் தடை மையம் எலும்புக்குள்ளே, வேரில் இருக்கிறது. சாயாமல் நகர்த்த, தள்ளும் விசையோடு ஒரு திருப்புவிசையும் வேண்டும். 1920-களில் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் செவ்வகப் பள்ளமுள்ள பிராக்கெட்டில் செவ்வகக் கம்பியைப் பொருத்தி இதைச் சாதித்தார். இன்றைய பிரேசஸ் எல்லாம் அதன் வாரிசுதான். எனக்கு இது ஒரு பாலத்தைவிட அழகான டிசைன்.

போலி பிரேசஸில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்ப்பதில்லை, ஈறு நோய் இருக்கிறதா, சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கண்ட பசையை வைத்து ஒட்டுகிறார்கள். அதன் ஓரத்தில் சாப்பாடு தங்கும், கிருமி அதைத் தின்று அமிலம் விடும், எனாமலில் வெள்ளைத் திட்டு விழும். இடைவெளியை மூட இரண்டு பல்லைச் சுற்றி ரப்பர் மாட்டுவது இன்னும் மோசம். வேர் கீழே போகப் போகக் கூம்பு மாதிரி ஒடுங்குவதால், ரப்பர் ஈறுக்குள் வழுக்கிப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே எலும்பை அரித்து, நல்ல பல்லையே விழவைக்கும்.

2017-இல் மலாக்காவில், பதிவில்லாமல் பல் கிளினிக் நடத்திய 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் போட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. மக்கள் பரிதாபப்பட்டு நன்கொடை திரட்டி அபராதத்தைக் கட்டினார்கள். இளம் பெண், இரக்கம் வருவது இயல்புதான். ஆனால் அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்களுக்காக யார் உண்டியல் தூக்கினார்கள் என்று எனக்கு இன்றும் ஒரு கேள்வி உண்டு. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தக் குற்றத்துக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அப்புறம் எங்கே போவது? தனியாரிடம் முறையான பிரேசஸுக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும், எல்லா வீட்டிலும் முடியாது. முதலில் அரசாங்க கிளினிக் பெர்கிகியானுக்குப் போங்கள். தேவை என்றால் அங்கிருந்து பல்சீரமைப்பு நிபுணரிடம் அனுப்புவார்கள். வரிசை நீளம்தான், வருஷக்கணக்கில்கூடக் காத்திருக்க நேரலாம். மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம் பல் மருத்துவப் புலங்களிலும் விசாரிக்கலாம். தனியார் கிளினிக் என்றால், சிகிச்சை தருபவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

ஏற்கெனவே போலி பிரேசஸ் போட்டிருந்தால் வீட்டில் குறடு வைத்துப் பிடுங்காதீர்கள், பசையோடு எனாமலும் பெயர்ந்து வரும். பல் டாக்டரிடம் போய், யார் போட்டது, எப்போது போட்டது, ரப்பர் எதுவும் காணாமல் போயிருக்கிறதா என்று மறைக்காமல் சொல்லுங்கள். காணாமல் போன ரப்பரைத்தான் அவர் முதலில் தேட வேண்டியிருக்கும்.