நம்பியாரும் துரையும்: நோட்டனிலிருந்து ஊடகம் படிக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "மக உயர்தரத்துக்கு மீடியா பாடம் எடுக்கப் போறேங்கிறா தம்பி. படம் பாக்கிறதெல்லாம் ஒரு பாடமா? அதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். டைரக்டர் வேலை கிடைக்காது, மற்றப்படி பல வேலை இருக்கிறது என்று சொன்னேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அந்த மகள் படித்தால் நல்லது.

உயர்தரக் கலைப்பிரிவில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. எல்லாப் பாடசாலைகளிலும் அதற்கு ஆசிரியர் இல்லை. எடுப்பவர்களில் பாதிப் பேர் இதை 'லேசான பாடம்' என்று நினைத்து எடுக்கிறார்கள், பெறுபேறு வந்ததும் அழுகிறார்கள். கோட்பாட்டாளர் பெயரையும் ஆண்டையும் பாடமாக்கி, விடைத்தாளில் வரிசையாகக் கொட்டினால் புள்ளி வராது. நீங்கள் பார்த்த ஒரு படத்தில், நீங்கள் இருந்த ஓர் இடத்தில் அந்தக் கோட்பாடு நிற்கிறதா விழுகிறதா என்று காட்டினால்தான் வரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கை கூடுதல் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் சடங்கு வீடு என்றால் வீடியோ டெக் வாடகைக்கு எடுப்பார்கள். கலர் டிவி, டெக், கரண்ட் போனால் போட ஒரு ஜெனரேட்டர். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். முதலில் சாமி படம், அது சிறுசுகள் தூங்கும் வரைக்கும். இரண்டாவது எம்.ஜி.ஆர். மூன்றாவது, விடியச்சாமம், இளந்தாரிகளுக்காக ரஜினி. பெண்கள் முன்னால் பாயில், பெரியவர்கள் வாங்கில், ஆண்கள் வாசலுக்கு வெளியே நின்றபடி. இந்த வரிசையை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் ஒரு தடவைகூட மாறியதில்லை.

'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 இல் வந்த படம். அதில் எம்.ஜி.ஆர். நம்பியாரின் சாட்டையைப் பிடுங்கித் திருப்பி அடிக்கிற இடத்தில் எங்கள் அம்மாயி எழுந்து உட்காருவார். "அப்பிடிப் போடு, தொரையை!" என்பார். படத்தில் துரையே கிடையாது. தேயிலை கிடையாது. சொத்தைச் சுருட்டப் பார்க்கும் ஒரு மச்சான்தான் நம்பியார். அம்மாயிக்கு அவர் தோட்டத்துப் பெரிய துரை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று கிலோவைக் கழித்தபோது, "நம்பியார் மாதிரி முழிக்காதீங்க, ஒழுங்கா எழுதுங்க" என்று அம்மாயி சொன்னது தோட்டம் முழுக்கப் பரவியது. கழித்த கிலோ திரும்பி வந்ததா என்றால், இல்லை.

இப்போது கோட்பாட்டுக்கு வருவோம். ஸ்டுவர்ட் ஹால் ஜமெய்க்காவில் பிறந்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். ஒரு செய்தியை உருவாக்குகிறவர் அதற்குள் வைக்கும் அர்த்தமும், பார்க்கிறவர் அதிலிருந்து எடுக்கும் அர்த்தமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று 1973 இல் எழுதினார். பார்க்கிறவர் அப்படியே ஏற்கலாம், கொஞ்சம் பேரம் பேசி ஏற்கலாம், முழுக்க எதிர்த்தும் வாசிக்கலாம். அம்மாயி செய்தது இரண்டாவது வகை. மதராஸ் ஸ்டூடியோவில் வைத்த அர்த்தத்தை எடுத்து, எங்கள் மலைக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டார்.

இதற்கு நேர் எதிராக நிற்கிறார் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். 1992 இல் வந்த 'த இமேஜ் ட்ராப்' நூலில், ஏழைகளின் கோபத்தை எம்.ஜி.ஆர். படங்கள் திரையிலேயே தீர்த்துவைத்தன, வெளியில் எதையும் மாற்றவிடவில்லை என்று வாதிடுகிறார். யார் சரி? கழித்த கிலோ திரும்பி வராததைப் பார்த்தால் பாண்டியன் சரி. அம்மாயி வாய் திறந்ததைப் பார்த்தால் ஹால் சரி. இந்த இழுபறியை ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்தால் உங்கள் விடை மற்றவர்களின் விடையைவிட ஒரு படி மேலே நிற்கும். கூடவே, எம்.ஜி.ஆர். பிறந்தது கண்டிப் பக்கம், 1917 இல் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அதைப் பெருமையாக நீட்டினால் விடை கெட்டுவிடும்.

நம் நாட்டுப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியையும் கட்டாயம் படியுங்கள். தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடலாகப் பார்த்து அவர் எழுதிய சிறு நூல் 1981 இல் வந்தது. எல்லாச் சாதியாரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது டிக்கெட் விலைதான் என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் எங்கள் டெக் ராத்திரியில் டிக்கெட்டே கிடையாது. அப்படியானால் பாய் யாருக்கு, வாங்கு யாருக்கு, வாசல் யாருக்கு என்பதை எது தீர்மானித்தது? உங்கள் லயத்தில் யாரைக் கேட்டால் இதற்கு உண்மையான பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பாடத்தில் பார்வையாளர் பற்றிய பகுதி அவ்வளவு. சினிமாத் தொழில் பற்றிய பகுதிக்கு ஒரே கேள்வி போதும்: காசு யாருடையது?

பழக ஒரு படம் சொல்கிறேன். 'சோங் ஒஃப் சிலோன்', 1934 ஆம் ஆண்டு ஆவணப்படம். பசில் ரைட் இயக்கியது, ஜோன் கிரியர்சன் தயாரித்தது, நாற்பது நிமிடம்கூட இல்லை. உலகத்து ஆவணப்பட வகுப்புகளில் இன்றும் காட்டுகிறார்கள். அழகான படம், மறுக்க மாட்டேன். பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதாவது அது ஒரு தேயிலை விளம்பரமாகப் பிறந்தது. மூன்றாம் பகுதியில் கீழே மனிதர்கள் உழைக்க, மேலே ஒலியில் சந்தை விலையும் வியாபாரக் கடித வாசகங்களும் ஓடுகின்றன. அந்தப் பகுதியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு. பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: யாருடைய முகம் கிட்டத்தில் வருகிறது, யார் தூரத்தில் சிறு புள்ளியாக வருகிறார், யாருடைய குரல் கேட்கிறது, யார் வாயே திறக்கவில்லை. எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஊடக ஆய்வு என்று பெரிய பெயர் வைத்திருப்பது இந்த எண்ணுகிற வேலைக்குத்தான்.

அதே கணக்கை 'எலிஃபண்ட் வோக்' (1954) படத்திலும் போடலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து பங்களாக் கதை. விவியன் லீ இங்கே வந்து நடிக்கத் தொடங்கி, நோய்வாய்ப்பட்டு விலக, எலிசபெத் டெய்லர் வந்தார். தூரக் காட்சிகள் சிலவற்றில் இன்னும் இருப்பது விவியன் லீதான். இலங்கையில் எடுத்ததைத் திரும்ப எடுக்க ஆகும் செலவை நினைத்தால் காரணம் விளங்கும். கதாநாயகியின் முகத்தையே பட்ஜெட் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இன்னொரு படம் நம் தண்ணீர் ஓடும் வழியிலேயே எடுத்தது. நோட்டன் அணையைத் தாண்டிப் போகும் தண்ணீர் கீழே களனி கங்கையாகிக் கித்துல்கலையைக் கடக்கிறது. அங்கேதான் டேவிட் லீன் 1957 இல் வந்த குவாய் நதிப் படத்துக்கு மரப்பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார். ஏழு ஒஸ்கார் கிடைத்தது. படத்தில் அந்த இடம் தாய்லாந்து.

நம் ஆட்கள் எடுத்த படங்களும் உண்டு, பாடக்குறிப்புகளில் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 1963 இல். பிறகு 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமை அதன் கைக்குப் போனது. உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது அந்தப் பத்தாண்டில்தான். மலையகத்துத் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) என்று மூன்று படம் தயாரித்தார், நடிக்கவும் செய்தார். ஒரு தொழிற்சங்கத் தலைவர் ஏன் படம் எடுக்கிறார்? அங்கத்தவர் பட்டியலே பார்வையாளர் பட்டியலா? இது பட்டப்படிப்பு இறுதியாண்டு ஆய்வுக்கே போதுமான தலைப்பு. அவரோடு வேலை செய்தவர்கள், அந்தப் படங்களை ஹட்டனில் தியேட்டரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அண்மைக் காலத்துக்கு சிவமோகன் சுமதியின் 'இங்கிருந்து' (2013) இருக்கிறது. அதே 2013 இல்தான் பாலாவின் 'பரதேசி'யும் வந்தது, அது தமிழ்நாட்டுத் தேயிலை மலைக் கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தோட்டத்து ஆள் பேசுகிறாள், மற்றதில் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம், காரணம் சொல்லத் தெரிந்தால் சரி.

இனி நடைமுறை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை நீங்களே வாங்கிப் படியுங்கள், டியூஷன் சேர் சொன்னதை நம்பி விண்ணப்பம் நிரப்பாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கை உண்டு. களனியில் வெகுசனத் தொடர்பாடல், ஹொரணையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகம். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் பாருங்கள்: மொழிமூலம் என்ன, உளச்சார்புப் பரீட்சை உண்டா, உயர்தரத்தில் எந்தப் பாடங்களைக் கேட்கிறார்கள். உளச்சார்புப் பரீட்சையைத் தவறவிட்டு நல்ல புள்ளியோடு வீட்டில் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல அல்லது பர்சரிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் முதல் தவணைக் காசு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை போர்டிங் வாடகைக்கு வீட்டில் சீட்டுப் போட்டு வைப்பது நல்லது.

கொழும்பில் 'ஆறு மாதத்தில் மீடியா டிப்ளோமா' போர்டுகள் நிறைய. நானும் ஒன்றில் அம்மாவின் இ.பி.எஃப். காசைக் கட்டினேன். கெமரா தொட்டது சான்றிதழ் வழங்கும் விழாவில் போட்டோ எடுக்கும்போதுதான். கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கெமராவும் எடிட் மேசையும் கிடைக்கும்? போன வருசம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இழுத்துப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்கு வருவோம். எங்கள் செட்டில் படித்தவர்கள் இப்போது செய்கிற வேலைகள்: செய்தி மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், எடிட்டிங், வானொலி, ஹட்டனில் கல்யாண வீடியோ, அரசசார்பற்ற நிறுவனங்களுக்குக் குறும்படம். இரண்டு பேர் ஊடக ஆசிரியர்கள். நான் விளம்பர நிறுவனத்தில் தமிழ்ப் பிரதி எழுதுகிறேன். இந்த நாட்டில் சவர்க்காரம் முதல் வங்கி வரை விளம்பரம் மூன்று மொழியில் வர வேண்டும். பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யோசித்துவிட்டு, கடைசி நாளில் 'இதைத் தமிழில் போட்டுத் தாங்க' என்று நீட்டுவார்கள். அப்படிப் போட்டது எப்படி இருக்கும் என்று தினமும் பார்க்கிறீர்கள். "எங்கள் பக்கத்து அம்மா இதைக் கேட்டால் சிரிப்பார்" என்று மேசையில் இருந்து சொல்லக்கூடிய ஒருவரைத்தான் அவர்கள் உண்மையில் தேடுகிறார்கள், தேடுவது தங்களுக்கே தெரியாமல். பார்வையாளர் கோட்பாடு எனக்குச் சோறு போடுவது அந்த மேசையில்தான்.

அதற்குச் சிங்களம் வேண்டும். கூச்சப்படாமல் பேசும் அளவுக்காவது. ஆங்கிலம் வாசித்து விளங்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன நூல்களில் பலது ஆங்கிலத்தில்தான் உள்ளது. தட்டச்சில் யுனிகோட் தெரிந்திருக்க வேண்டும், பழைய பாமினி எழுத்துருவும் தெரிந்தால் பழைய கோப்புகளோடு வருகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். போனிலேயே எடிட் பண்ணப் பழகுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் எதையும் எடுக்காதீர்கள், யாரும் பார்ப்பதில்லை. நேர்முகத்தில் சான்றிதழைவிட அந்த மூன்று நிமிடத்தைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். நோட்டன், லக்சபான, டிக்கோயாப் பக்கத்தில் தியேட்டரில் 'புதிய காற்று' பார்த்தவர்கள், டெக் வாடகைக்கு விட்டவர்கள், பிரட்டுக் களத்தில் திரை கட்டிப் படம் காட்டியதை நினைவு வைத்திருப்பவர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் அம்மாயியிடம் நான் கேட்க நினைத்து வைத்திருந்த கேள்விகள் ஒரு கொப்பி நிறைய இருக்கின்றன, கேட்கவேயில்லை. உங்கள் லயத்தில் இருக்கிறவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். என்ன படம், எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தார், எந்தக் காட்சியில் யார் என்ன சொன்னார் என்று அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், போனில் குரலையும் பதியுங்கள். மேலே திகதியைப் போட மறக்க வேண்டாம்.