ஹேண்டில் உதறினால் ஸ்டெபிலைசர் மட்டும் போதாது

அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம் என்று தனியார் ஆலைகள் பெருகின. சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் ஓடும் தடத்தில் பள்ளமும் பெயர்ந்த ஜல்லியும் பைக்கின் முன்சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங்கான கோன் செட் சீக்கிரம் தேய்கிறது. பெரம்பலூர் வந்து திருச்சி நான்குவழிச் சாலையில் வேகம் பிடித்ததும் ஹேண்டில் உதறல் ஆபத்தாகிவிடுகிறது.

இதற்காகவே பலர் ஸ்டியரிங் ஸ்டெபிலைசரைத் தேடுகிறார்கள். கதவைத் தானாக மெல்ல மூடவைக்கும் கருவியைப் போலத்தான் இதுவும்: பிஸ்டன் நகர, எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்குகிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் தடை தெரியாது. படபடவென அடித்தால் இறுக்கிப் பிடிக்கும்.

ஆனால் தேய்ந்த கோன் செட்டோடு இதை மாட்டுவது பழுதை மூடிவைப்பதாகும். முதலில் டபுள் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும். போர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்றால் கோன் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளும்போது நேராக வரும் இடத்தில் சிக்கினால் கோனில் குழி விழுந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டயர் காற்று, சக்கர பேரிங்கையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் உதறல் இங்கேயே நின்றுவிடும். செலவும் மிச்சம்.

அதன் பிறகும் தேவைப்பட்டால், உங்கள் பைக் மாடலுக்கென்றே வரும் ஸ்டெபிலைசர் கிட்டை பிராக்கெட், கிளாம்போடு வாங்குவதே நல்லது. ஃபிரேமில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது.

ஸ்டெபிலைசரின் ஒரு முனை ஃபிரேமில், மறுமுனை போர்க் குழாயில். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு கோடியிலும் ஸ்டெபிலைசர் ராடுக்கு இன்னும் சில மில்லிமீட்டர் ஓட்டம் மிச்சமிருக்க வேண்டும். ஹேண்டிலை நிறுத்துவது ஃபிரேமில் உள்ள ஸ்டாப்பர்தான். ராடு முட்டி நிறுத்தினால் திருப்பத்தில் ஹேண்டில் பாதியில் நின்று ஆளைத் தள்ளிவிடும். இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டும் திருப்ப வேண்டும்; சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது.

எல்லாம் சரியென்றால் போல்ட்டுக்கு ஒரு சொட்டு நீல நிறத் திரெட் லாக்கர் விட்டு, கிட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கலாம். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் போர்க் குழாய் நசுங்கும்.

ஸ்டெபிலைசரின் இறுக்கத்தை மாற்றும் குமிழை மிகத் தளர்வான நிலையில் வைத்து, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கிளிக்காகக் கூட்ட வேண்டும். முன்சக்கர உதறல் வினாடிக்கு 4 முதல் 10 முறை அடிக்கும். அதைத்தான் ஸ்டெபிலைசர் அடக்கும். வண்டி முழுவதும் வினாடிக்கு 2, 3 முறை நெளிந்தால் அது வேறு ஆட்டம். ஸ்டெபிலைசரை இறுக்கினால் அது கூடவும் செய்யலாம். அப்போது பின்பாரத்தையும் பின்சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். சுண்ணாம்புத் தூசி ராடில் படிந்தால் ஆயில் சீலைக் கிழிக்கும். வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் ராடையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.