பேய்க்கதை எழுதப் போகும் மருமகளுக்கு

1. மருமகளே, முதலில் பேயின் வழக்கைக் கேள். கோயில் கொடை விழாவில், செத்துப் பேயான இசக்கியின் கதையை விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். சிறுவயதில் நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கேட்டேன். பக்கத்திலிருந்த கிழவியோ, செத்தவளுக்காக மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைதான் எனக்குக் கதை சொல்லித் தந்தது.

2. நல்லவர்களையும் சந்தேகப்படு. பழையனூர் நீலி, முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைத் தேடி, கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் சுமந்து வந்தாள். ‘இவள் என் மனைவியே இல்லை’ என்று அவன் கதறியும், வேளாளர் எழுபது பேர் அவன் உயிருக்குப் பிணை நின்று அவளோடு அனுப்பினார்கள். விடிந்தபோது அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். எனக்கு நீலியைவிட அந்த எழுபது பேரைக் கண்டுதான் பயம். அத்தனை பேரும் யோக்கியர்கள்! நீ யாருக்காக எழுதுகிறாயோ, அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது உடனே புரியும். பெரியவர்களின் தீர்ப்பை அது தினமும் அனுபவிக்கிறதே.

3. நீ பேய் என்று எழுதுகிறவள் இன்னொருத்திக்குத் தாய். முப்பந்தல் இசக்கியம்மனிடம் போய்ப் பார், எத்தனை பேர் கைகூப்பி நிற்கிறார்கள் என்று. கும்பிட வேண்டுமென்று சொல்லவில்லை. கேலி வேண்டாம்.

4. சாதியை எடுத்துவிடு, சின்னப் பிள்ளைகள் படிப்பது என்பார்கள். முத்துப்பட்டன் கதையில் அதை எடுத்தால் என்ன மிஞ்சும்? பிராமணன் ஒருவன் சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணந்ததுதானே கதையே.

5. அவசரப்படாதே. ஆங்கில எழுத்தாளர் ஆலன் கார்னர் 1967-இல் ‘தி அவுல் சர்வீஸ்’ நாவலை எழுதினார். பூக்களால் செய்யப்பட்டு, பிறகு ஆந்தையாக்கப்பட்ட வேல்ஸ் பழங்கதைப் பெண், மூன்று இளையோர் வாழ்வில் திரும்ப வருகிறாள். அதற்காக வேல்ஸ் மொழியையே கற்ற மனிதர் அவர். நம் எழுத்தாளர் கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். நாட்டார் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. உனக்கு அழைப்பு வரும்வரை சம்பள வேலையை விடாதே, தாயே.

6. புத்தகம் வந்ததும் முதல் பிரதியை, உனக்குக் கதை சொன்ன வில்லுப்பாட்டுக்காரரிடம் கொண்டு போ. அவருக்குக் கண் தெரியாவிட்டால் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. குறை சொல்வார். குறித்துக்கொள், அடுத்த பதிப்பில் திருத்து.