கைமாறிய அமானிதம்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் தன் நகையையும் காணி உறுதியையும் நம்பிக்கையான ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் அதை இன்னொருவரின் வீட்டில் வைக்க, அங்கே அது களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? 2020 ஆம் ஆண்டில் பல பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தன.

பழைய மாணவர்களின் பெயர், பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம், நன்கொடை விபரம் என ஏராளமான தகவல்கள் ஒரு பல்கலைக்கழகத்திடம் சேர்கின்றன. இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை வெளி நிறுவனமொன்றிடம் கொடுப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள பிளாக்போட் அத்தகைய ஒரு கம்பனி. 2020 இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகமும் அதன் வாடிக்கையாளர்களில் ஒன்றாக இருந்தது.

2020 பெப்ரவரியில், வாடிக்கையாளர் ஒருவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி யாரோ உள்ளே நுழைந்தார். மே மாதம் வரை எவரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கம்பனி 24 பிட்கொயினைக் கப்பமாகக் கொடுத்து, களவாடிய பிரதியை அழித்துவிட்டதாகக் கள்வன் சொன்னதை ஏற்றுக்கொண்டது. கள்வனின் வாக்கை நம்பி நிம்மதியாக இருந்தவர்களைப் பற்றி நான் வேறு எங்கும் படித்ததில்லை! வாடிக்கையாளர்களுக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது ஜூலை 16 ஆம் திகதிதான். வங்கிக் கணக்கு விபரங்கள் போகவில்லை என்று முதலில் கூறிய கம்பனி, சிலருடைய விபரங்கள் மறைகுறியாக்கம் செய்யப்படாமலே இருந்தன, அவை அகப்பட்டிருக்கலாம் என்று செப்டெம்பரில் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 13,000 இற்கும் அதிகம். 2023 இல் அமெரிக்க மாநிலங்களுக்கு அது செலுத்த உடன்பட்ட தொகை 4 கோடியே 95 இலட்சம் டொலர்.

களவை விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. எப்போதோ விலகிப்போன வாடிக்கையாளர்களின் தரவுகளையும் கம்பனி பல வருடங்களாக அழிக்காமல் வைத்திருந்தது. வேலை முடிந்த பின்னும் திருப்பிக் கொடுக்காத பொருள்! சூரா அந்நிஸாவின் 58 ஆவது வசனம் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி பணிக்கிறது. கணினித் தரவில் ஒப்படைப்பது என்றால், வேலை முடிந்ததும் பிரதிகளையும் சேர்த்து அழிப்பதுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஆகவே கதவுக்குப் பூட்டுப் போடுவதற்கு முன்பே, ஒப்பந்தம் எழுதும்போதே பாதுகாப்புத் தொடங்குகிறது. எந்தத் தகவல் தேவை, யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும், களவு நடந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நன்கொடைக் கடிதம் அனுப்பும் கம்பனிக்குப் பிறந்த திகதி எதற்கு? கொடுக்காத தகவல் களவு போகாது.

இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களே தம் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மாணவர்கள் தம் விபரங்களைக் கொடுத்தது பல்கலைக்கழகத்திடம்தானே. பிளாக்போட் என்ற பெயரையே அவர்களில் பலர் அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கும் அதற்காக வேலை செய்யும் வெளி நிறுவனத்துக்கும் கடமைகளை விதிக்கிறது. உயர்தரம் முடித்து மஹாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போது வாப்பாவின் வருமானத்தைக்கூட நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் படிவம் எந்தெந்தக் கைகளுக்குப் போகும், எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.