பழைய தூண்டில் இரைக்கு வயது சொல்வது எப்படி?

மிச்சிகனில் கோடை வந்துவிட்டால் சனிக்கிழமை காலைகளில் தெருவுக்கு நாலு வீட்டில் பழைய சாமான் விற்பனை நடக்கும். நாற்காலிகள், சமையல் பாத்திரங்கள், பிள்ளைகளின் சைக்கிள்கள் நடுவே சில சமயம் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றும் கிடக்கும். திறந்தால், அந்த வீட்டுத் தாத்தா ஏரிக்கு எடுத்துப்போன தூண்டில் சாமான்கள். அவற்றில் மீன் வடிவில் செதுக்கி, வண்ணம் பூசி, வயிற்றிலும் வாலிலும் முள் மாட்டிய மரத்துண்டுகள் இருக்கும். இங்கே அவற்றை 'லூர்' என்பார்கள். புழுவோ சிறுமீனோ கோர்க்காமல் பெரிய மீனைக் கடிக்கவைக்கும் போலி இரை அது.

இந்தப் போலி இரைகளைச் சேகரிப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுக்கென்று 1976இல் தொடங்கிய தேசியச் சங்கமே உண்டு. ஒஹையோவின் ரைலி ஹாஸ்கெல் 1859இல் காப்புரிமை பெற்ற உலோக மீன்களில் பெரிய அளவுள்ள ஒன்று 2003இல் ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. அத்தகைய அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கையிலிருக்கும் இரை எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பது பழகினால் யாருக்கும் கைவரும். அதற்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: ஒற்றைத் தடயத்தை நம்பி வயது சொல்லக் கூடாது. குறைந்தது மூன்று தடயங்களாவது ஒரே காலத்தைக் காட்ட வேண்டும்.

தொடங்கும் முன்: துடைக்காதீர்கள்

என் முதல் பெட்டியில் கிடைத்த ஓர் இரையில் அழுக்கு அப்பியிருந்தது. பளபளப்பாக்கலாம் என்று தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். அழுக்கோடு முதுகிலிருந்த பச்சைக் கோடுகளும் போயின. அந்தக் கோடுகள்தான் அது எந்த வண்ணவகை என்பதற்கான சாட்சி. அதன் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில் கரைந்துவிட்டது. ஆகவே தின்னர், சோப்பு, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். முள்ளை நிமிர்த்தவோ திருகாணியைக் கழற்றவோ கூடாது.

தேவையானவை: நல்ல பூதக்கண்ணாடி, அளவுகோல், சிறு காந்தம், புற ஊதா டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். முட்கள் பழையவையானாலும் கூர் மழுங்காதவை. இரையை நடு உடம்பில் பிடித்துப் பழகுங்கள்.

படி 1: எதனால் ஆனது?

உலோகக் கரண்டி வடிவ இரைகள்தான் மூத்தவை. நியூயார்க் மாநிலத்தின் ஜூலியோ பியூல் 1852இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். மரத்தில் செய்த மீன்கள் ஆலைப்பொருளாகப் பெருகியது 1900க்குப் பிறகு. மிச்சிகனின் டவாஜியாக் ஊரில் தேனீ வளர்த்துவந்த ஜேம்ஸ் ஹெடன் அப்போதுதான் தன் மகனோடு நிறுவனம் தொடங்கினார். குளக்கரையில் உட்கார்ந்து செதுக்கிய மரத்துண்டைத் தண்ணீரில் எறிந்தார், ஒரு பாஸ் மீன் பாய்ந்து கவ்வியது, அதிலிருந்துதான் தொழிலே பிறந்தது என்று அந்த ஊரில் இன்றும் கதை சொல்வார்கள்.

பிளாஸ்டிக் உடம்பு என்றால் 1930களுக்கு முன் போக வாய்ப்பு மிகக் குறைவு. ஹெடனின் 'ஸ்பூக்' வரிசை அப்போதுதான் வந்தது. எடையே இல்லாத பால்சா மரம் என்றால் பின்லாந்தின் ராப்பாலாவை நினைத்துக்கொள்ளுங்கள். லௌரி ராப்பாலா தன் முதல் இரையைத் தக்கையில் செதுக்கியது 1936இல்.

படி 2: பெயரைத் தேடுங்கள்

பூதக்கண்ணாடியோடு மூன்று இடங்களைப் பாருங்கள்: முதுகும் வயிறும், தலைக்குக் கீழே நீட்டியிருக்கும் உலோக உதடு, முன்னும் பின்னும் சுழலும் விசிறித் தகடு. எழுத்து பெரும்பாலும் உலோகத்தில்தான் பிழைத்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய பொறிப்பும் நிழலாகத் தெரியும்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 'பெரிய ஐந்து' என்று சொல்லும் நிறுவனங்களை முதலில் அறிந்துகொள்ளுங்கள். டவாஜியாக்கின் ஹெடன், இந்தியானா மாநிலம் காரெட்டின் க்ரீக் சப், அதே மாநிலத்தின் சவுத் பெண்ட், மிச்சிகன் கலமாசூவின் ஷேக்ஸ்பியர், ஒஹையோ ஆக்ரனின் ஃப்ளூகர். நிறுவனத்தின் பெயர் அழிந்து ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். 'ஒரீனோ' என்று முடியும் பெயர் இருந்தால் அது சவுத் பெண்ட் பிள்ளை.

படி 3: காப்புரிமை எண்ணைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். க்ரீக் சப் உதடுகளில் 9-7-20 என்று பொறித்திருக்கும். நம் வழக்கப்படி 9 ஜூலை என்று படித்துவிடாதீர்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அது 1920 செப்டம்பர் 7. அதுவும் காப்புரிமை கிடைத்த நாள், இரை செய்த நாள் அல்ல. அதே பொறிப்போடு பல ஆண்டுகள் உதடுகள் வெளிவந்தன. ஆகவே அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: இதற்கு முன் இல்லை.

நாளுக்குப் பதில் வரிசை எண் இருந்தால் அதுவும் உதவும். 1927இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தேதி போய், எண்ணைப் பொறிப்பது வழக்கமானது. ஒவ்வோர் ஆண்டும் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை எண் இது:

- 1900: 640,167
- 1910: 945,010
- 1920: 1,326,899
- 1930: 1,742,181
- 1940: 2,185,170
- 1950: 2,492,944

உங்கள் எண் எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று பார்த்தால் தொடக்க எல்லை கிடைத்துவிடும்.

படி 4: கண்ணைப் பாருங்கள்

கண்ணாடிக் கண் என்றால் கருமணி மேற்பரப்பில் இருக்காது, ஆழத்தில் மிதப்பதுபோல் தெரியும். சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் உள்ளே வளைந்து வரும். ஆணித்தலையில் வண்ணம் பூசிய கண்ணும், உடம்பின் மேலேயே தீட்டிய கண்ணும் தட்டையாக இருக்கும். பொதுவாகக் கண்ணாடிக் கண் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தையும், தீட்டிய கண் பிந்தைய காலத்தையும் சுட்டும். ஆனால் க்ரீக் சப் போன்றவர்கள் போருக்குப் பின்னும் கண்ணாடிக் கண்ணை விடவில்லை. மலிவு இரைகளில் தொடக்கத்திலேயே தீட்டிய கண்கள் இருந்தன. மிகப் பழைய சிலவற்றுக்குக் கண்ணே கிடையாது. எனவே கண் ஒரு சாட்சி மட்டும்தான். தீர்ப்பை அதனிடம் விட்டுவிடக் கூடாது.

படி 5: முள் மாட்டிய விதம்

எனக்கு ஒரே ஒரு தடயத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். வண்ணம் உரியும், கண் உதிரும், பெட்டி தொலையும். ஆனால் முள்ளை உடம்போடு பிணைத்த உலோகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிடித்த மீன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதிருக்க ஆலைகள் இந்த அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றின. ஒவ்வொரு மாற்றமும் நமக்கு ஒரு காலக்கோடு.

ஹெடனின் மர இரைகளில் வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும்:

- வயிற்றில் புதைத்த சிறு பித்தளைக் கிண்ணம், அதன் நடுவே முள் தொங்கும் திருகு: 1900களின் தொடக்கம் முதல் 1910களின் நடுப்பகுதிவரை.
- எல் எழுத்துபோல் வளைந்த உலோகத் துண்டு, இதுவே 'எல் ரிக்': 1910களின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ 1930வரை.
- இரண்டு துண்டாக வரும் நீள்வட்ட மாட்டி, வடிவத்தை வைத்துச் சேகரிப்பாளர்கள் 'டாய்லெட் சீட்' என்பது: 1930களும் 40களும்.
- உடம்பின் மேலேயே படிந்து திருகப்பட்ட தகடு: 1940களின் இறுதிக்குப் பின்.

இந்த ஆண்டுகளைக் கறாராகப் பிடிக்க வேண்டாம். ஆலையில் மிச்சமிருந்த பழைய உதிரிகள் தீரும்வரை பயன்படுத்தப்பட்டன.

திருகாணியின் தலையையும் பாருங்கள். கூட்டல் குறிபோல் வெட்டிய பிலிப்ஸ் திருகாணி 1936 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. 1910 இரை என்று ஒருவர் விற்கும் பொருளில் அது இருந்தால், ஒன்று வயது பொய், அல்லது திருகாணி பிற்காலத்தில் மாற்றப்பட்டது. காந்தமும் உதவும். பித்தளைக் கிண்ணம் காந்தத்தில் ஒட்டாது. மேலே நிக்கல் பூசியிருந்தால் மட்டும் லேசாக இழுக்கக்கூடும்.

படி 6: மறுவண்ணமா என்று சோதியுங்கள்

பழைய எனாமல் பூச்சில் காலப்போக்கில் தலைமுடி போன்ற நுண் வெடிப்புகள் விழும். தொங்கும் முள் உரசி உரசி வயிற்றில் வில்போன்ற கீறலை உண்டாக்கும். அந்த வளைவு முள் ஆடும் தூரத்தோடு பொருந்த வேண்டும். தேய்வு கீறலில்லாத இடத்தில் மட்டும் இருந்தால், யாரோ உப்புத்தாளால் வயது ஏற்றியிருக்கிறார்கள்.

ஆலையில் உடம்புக்கு வண்ணம் பூசிய பிறகே உலோகம் மாட்டினார்கள். ஆகவே வண்ணம் கிண்ணத்தின் அடியில் போக வேண்டும், விளிம்பில் ஏறக் கூடாது. உலோகத்தின் மேல் வண்ணத் துளி கண்டால் சந்தேகப்படுங்கள். கடைசியாக இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். பிற்காலத் திருத்தங்கள் சுற்றியுள்ள பழைய பூச்சிலிருந்து வேறுபட்ட ஒளியில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

படி 7: பெட்டியின் முகவரி

பெட்டி கிடைத்தால் அதைப் பொன்போல் காத்துக்கொள்ளுங்கள். அரிய பெட்டி சில நேரம் உள்ளே இருக்கும் இரையைவிட விலை பெறும். ஓரத்தில் உள்ள எண் வடிவத்தையும் வண்ணத்தையும் சொல்லும். க்ரீக் சப்பில் 700 என்றால் பைக்கி இரை, இயல்பு வண்ணம். 701 பெர்ச் மீன் வண்ணம். 702 வெள்ளை உடம்பு, சிவப்புத் தலை.

முகவரியில் இன்னும் நல்ல தடயம் உண்டு. நகரப் பெயருக்குப் பின் ஓரிலக்க அல்லது ஈரிலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. ஐந்திலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பின். கோடு கோடாக பார்கோடு இருந்தால் 1974க்குப் பின். ஆனால் பெட்டியும் இரையும் ஒன்றாகவே பிறந்தவை என்று எண்ணாதீர்கள். காலி பெட்டிக்குள் வேறு இரையைப் போட்டு வைத்தவர்கள் ஏராளம்.

படி 8: தடயங்களைக் கூட்டுங்கள்

ஓர் உதாரணம். கூர்மூக்கு மர மீன், ஹெடன் என்ற பொறிப்பு. வடிவத்தைப் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் 1920 வாக்கில் அறிமுகமான 'வாம்ப்'. கண்ணாடிக் கண். எல் ரிக். ஆக, வடிவம் 1920க்கு முன் போகவிடாது. எல் ரிக் 1930க்கு வெகுதூரம் தாண்டவிடாது. கண் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. 1920களில் செய்தது என்று நம்பிக்கையோடு எழுதலாம். அதனுடன் வந்த பெட்டியில் ஜிப் கோடு இருந்தால், பெட்டி வேறொன்றினுடையது என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் நீளம், முட்களின் எண்ணிக்கை, கண், மாட்டி, வண்ணம், வாங்கிய இடம், நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆண்டை ஒற்றை எண்ணாக எழுதாமல் எல்லையாக எழுதுங்கள். '1920–1930' என்பது நேர்மையான பதில். ஆதாரமில்லாத '1924' அப்படியல்ல.

பாதுகாப்பது

நேர்வெயில் வண்ணத்தை வெளுக்கும், ஈரம் முள்ளைத் துருவேற்றும். நிழலான, உலர்ந்த அலமாரி போதும். 1930களின் தொடக்ககாலப் பிளாஸ்டிக் இரைகளைத் தனியே வையுங்கள். அவை காலப்போக்கில் சிதைந்து பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இன்றைய மென்பிளாஸ்டிக் புழுக்களைப் பழைய இரையோடு ஒரே பெட்டியில் போடவே கூடாது. அவை தொட்ட இடத்தில் பழைய வண்ணம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

விற்பவர் பெரியவராக இருந்தால், விலை பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை யார், எந்த ஏரியில் வீசினார்கள்?" அவர் சொல்வதை அப்படியே எழுதி இரையோடு வையுங்கள். உலோகமும் கண்ணும் செய்த காலத்தைச் சொல்லிவிடும். அது யார் கையில் இருந்தது என்பதை அந்தப் பெரியவர் மட்டுமே சொல்ல முடியும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.