வில்லையும் வேட்கையும்

வடகரப்பதியில் திருமணப் படங்கள் எடுக்கும் இளைஞரொருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். லென்ஸ் எனும் வில்லை அவரிடம் ஒன்றே உளது, 18–55 மி.மீ. கோவையில் இன்னும் இரண்டு வாங்கக் கடன் பெறலாமா என்று வினவினார்.

“தம்பி, வில்லையின் குறையால் கெட்ட படம் எது?” என்றோம். நெடுநேரம் எண்ணி, மணவறை விளக்கொளியில் எடுத்தவை மங்கின என்றார். அக்குறை மெய்யே. அவரது வில்லை எவ்வளவு திறந்தாலும் எஃப் 3.5 தான். எஃப் 1.8 உடைய 35 மி.மீ. வில்லை ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உட்புகவிடும். ஆகவே அது வேண்டுவதே. மற்றது எதற்கு என்றோம். தொலைவிலுள்ள பறவைகளுக்காம்! அவர் இதுவரை ஒரு பறவையையும் படமெடுத்ததில்லை.

நாமும் அவ்வாறு இருந்தவர்தாம். ஆலையில் உழைத்த நாளில், நூல் அறுந்தபோதெல்லாம் கதிரைப் பழித்துப் புதியது கேட்டோம். காற்றில் ஈரம் குன்றியதே காரணமெனப் பின்னரே அறிந்தோம்.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமணரின் இறுதி நாள்களைப் படம்பிடித்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன், பெரும்பாலும் லைக்கா கருவியில் 50 மி.மீ. வில்லை ஒன்றையே கையாண்டார். அதில் முகம் பெரிதாக வேண்டுமாயின் நடந்தே நெருங்க வேண்டும்.

வேண்டிய பொருளைப் புத்தர் விலக்கினாரல்லர். பிக்குவின் எட்டு உடைமைகளுள் நீர்வடிகட்டியும் உண்டு. நீரிலுள்ள சிற்றுயிர் மாளாதிருக்க.

அடுத்த முகூர்த்தத்திற்கு இளைஞர் 35 மி.மீ. வில்லையை வாடகைக்கு எடுத்துள்ளார். கடன் விண்ணப்பம் இன்னும் அவர் பையில்தான் உளது.