தோப்பில் எழுதி, பஜாரில் அனுப்பி

புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் எலுமிச்சைத் தோப்பு. பறிப்பு நாட்களில் பகல் முழுக்க அங்கேதான் கிடப்பேன். தோப்புக்குள் டவர் கிடைக்காது. ஆனாலும் வியாபாரத்துக்கான மெயில்களில் முக்கால்வாசியை அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போன் அடிக்காத இடத்தில் எழுத்து ஒழுங்காக வருகிறது என்பது என் கட்சி.

எனக்கு இது பழைய பழக்கம். டயல்-அப் காலத்தில் இணைப்பில் இருக்கிற நேரமெல்லாம் போன் பில்லில் ஏறும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் நாலைந்து மெயிலை எழுதி அவுட்பாக்ஸில் அடுக்கிவிட்டு, மோடத்தைக் கத்தவிட்டு, மொத்தத்தையும் ஒரே மூச்சில் அனுப்பி லைனைத் துண்டித்துவிடுவோம். கர்நாடகத்தில் தொட்டபல்லாபூர் பக்கம் 2000-களின் தொடக்கத்தில் இதையே பஸ்ஸை வைத்துச் செய்து பார்த்தார்கள். டாக்நெட் என்று பெயர். டாக் என்றால் இந்தியில் தபால். வை-ஃபை கருவி பூட்டிய பஸ், கிராமத்துக் கணினியில் சேர்ந்து கிடப்பதைக் கடந்து போகும்போதே வாங்கிக்கொண்டு, டவுனுக்குப் போனதும் இறக்கிவிடும். தபால் பை சுமந்த பஸ் செய்த வேலைதான்.

இப்போது லேப்டாப்பில், குரோமில் ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸில் ‘ஆஃப்லைன்’ பகுதியை டிக் செய்தால் போதும். 7, 30, 90 என்று எத்தனை நாள் மெயிலை இறக்கி வைப்பது என்று கேட்கும். எனக்கு 30 தாராளம். வீட்டில் இணைப்பு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், தோப்புக்குப் போன பிறகு நினைத்துப் பயனில்லை. மெயிலில் இணைக்கிற படங்களைச் சுருக்கி வையுங்கள். 25 எம்.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் அதை டிரைவுக்குத் தள்ளப் பார்க்கும். அதற்கு இணைப்பு வேண்டும்.

நான் பட்டது வேறு. புனலூர் வியாபாரி ஒருவருக்கு “இன்று இரவு 40 மூட்டை ஏற்றுகிறோம்” என்று தோப்பில் எழுதி, அனுப்பு பொத்தானையும் அழுத்தி, லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள் காலை வீட்டில் திறந்தபோதுதான் மெயில் கிளம்பிப் போயிருக்கிறது. லாரி அதற்குள் செங்கோட்டையைத் தாண்டி அவர் கடை வாசலில் நிற்கிறது. இறக்க ஆள் இல்லை. மெயிலைப் பார்த்த அவரோ, அன்று ராத்திரிக்கு இன்னொரு லோடு வருகிறதென்று இறக்குகிற ஆட்களிடம் சொல்லி வைத்துவிட்டார். “அண்ணாச்சி, நீங்க எழுதின ‘இன்று’ எந்த இன்று?” என்று போனில் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து இன்று, நாளை எல்லாம் என் மெயிலில் கிடையாது. தேதியும் கிழமையும்தான். விலையும் எழுதுவதில்லை, எலுமிச்சைக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. அதற்குப் போன்தான் சரி.

பஜாருக்கு வந்ததும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு டீ சொல்லுங்கள். அவுட்பாக்ஸ் காலியாகி, மெயில் ‘சென்ட்’ பகுதியில் கண்ணுக்குத் தெரிகிறவரை லேப்டாப்பை மூட வேண்டாம். டீ ஆறுவதற்குள் போய்விடும்.